அருகிலிருப்பவனின் மனச்சாட்சி

'அமைச்சர்' என்ற சொல்லை இன்று நாம் வழங்குகிற விதத்தில் ஒரு சிறு மோசடி இருக்கிறது. குறளின் பொருட்பாலில் அமைச்சியல் என்று பத்து அதிகாரங்கள். அவற்றில் வருகிற அமைச்சன் ஆள்கிறவன் அல்ல, ஆள்கிறவனின் பக்கத்தில் இருக்கிறவன். ஓரிடத்தில் வள்ளுவர் அவனைக் குறிக்கும் சொல்லே 'உழையிருந்தான்' என்பதுதான். எண்ணிச் சொல்வது, தூது போவது, அவை அறிந்து பேசுவது, அரசன் முகத்தைப் படிப்பது இவையெல்லாம் அவன் காரியங்கள். மினிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லும் தன் லத்தீன் மூலத்தில் ஊழியன் என்றே பொருள்படும். பிரிட்டனில் சட்டத்தின் கற்பனை இன்றும் இப்படித்தான் இருக்கிறது: செய்வது மகுடம், மகுடத்துக்கு ஆலோசனை சொல்வது அமைச்சர்கள். மகுடம் வெறும் சின்னமாகச் சுருங்கிப்போனதும் பக்கத்தில் இருந்தவன் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டான். நடுவே வந்தவனுக்கு, ஸ்தானத்தின் நியதிப்படி, பக்கத்தில் ஒருவன் தேவைப்பட்டான். ஆலோசகனுக்கு ஓர் ஆலோசகன்.

பிரிட்டனில் 'சிறப்பு ஆலோசகர்' என்று பெயர் பெற்று, சம்பளமும் சட்டமும் பெற்றுவிட்ட இந்தப் புதிய உழையிருந்தானைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிர்வாக சாஸ்திரத்தில் எனக்குப் பெரிய சிரத்தை கிடையாது. என்னை உறுத்துவது வேறொன்று. ஒருவன் தன் மூளையை இன்னொருவனுக்கு இரவலாகக் கொடுக்கும்போது, அதோடு ஒட்டிக்கொண்டு வேறு எதெல்லாம் போய்விடுகிறது? அவன் யோசித்ததற்கு யார் பொறுப்பு, யோசித்தவனா, யோசனையைத் தன் பெயரில் செய்தவனா? இருவரும் இல்லை என்ற ஒரு நிலை சாத்தியமா?

இவன் யாருக்கு எதிராக வந்தவன் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1854-ல் ஸ்டாஃபர்ட் நார்த்கோட், சார்ல்ஸ் ட்ரெவெல்யன் என்ற இருவர் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பிரபுக்களின் தம்பிகளும் மருமகன்களும் சிபாரிசில் வந்து உட்கார்ந்திருந்த அலுவலகங்களைப் பரீட்சை எழுதித் தேறியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அதிலிருந்து மெல்ல உருவானதுதான் நிரந்தர அதிகாரி என்ற பாத்திரம். கட்சி மாறும், அமைச்சர் மாறுவார், அவன் மாறமாட்டான். தெரிந்ததைச் சொல்வான், சொன்னது எடுபடாவிட்டால் இட்டதைச் செய்வான், வெளியே வாய் திறக்கமாட்டான். இதே ட்ரெவெல்யன் 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தார். கல்கத்தாவின் நிதித் திட்டமும் வருமான வரியும் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் ஆட்சேபத்தை எழுதினார், எழுதியதோடு நில்லாமல் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார். வாய்மூடிப் பணிசெய்யும் அதிகாரியின் தந்தை, வாயை மூடமுடியாததற்காகச் சென்னையிலிருந்து வெளியேற்றப்பட்டதை வெறும் வரலாற்று வேடிக்கையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வகுத்த அந்த லட்சியத்துக்குள் மனிதர்கள் எப்போதுமே முழுசாக அடங்கியதில்லை என்று தோன்றுகிறது. (அவர் சென்னையில் விட்டுப்போன பீப்பிள்ஸ் பார்க்கின் நிலத்தில்தான் பின்னால் மூர் மார்க்கெட் எழுந்தது. 1985-ல் அது எரியும்வரை பழைய புத்தகங்களுக்காக அங்கே அலைந்தவர்களுக்கு அவரிடம் ஏதோ ஒரு கடன் இருக்கிறது.)

நூற்றுப் பத்து வருஷம் கழித்து, 1964-ல் ஹெரால்ட் வில்ஸனின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, இந்த நிரந்தரங்களின் நடுவே தங்கள் மனிதர்கள் சிலர் வேண்டும் என்று நினைத்தது. தாமஸ் பாலோ, நிக்கலஸ் கால்டார் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் வந்தார்கள். இருவரும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். கால்டார் நமக்கு அந்நியரல்ல. 1956-ல் இந்திய வரிச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை கொடுத்தவர் அவர். அடுத்த வருஷம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த செல்வ வரிக்கும் செலவு வரிக்கும் பின்னால் அந்த யோசனைகள் இருந்தன. 1974-ல் வில்ஸன் மறுபடி வந்தபோது இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. 1990-களின் நடுவில் நாற்பதுக்குக் குறைவாக இருந்த இவர்கள் எண்ணிக்கை டோனி பிளேர் காலத்தில் எழுபதைத் தாண்டியது, 2020-களில் நூறைத் தாண்டிவிட்டது. 1997-ல் பிளேரின் ஆட்கள் இருவருக்கு, அலஸ்டர் கேம்பெல், ஜொனதன் பவல், நிரந்தர அதிகாரிகளுக்கே உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டது. 2007-ல் கார்டன் பிரவுன் வந்த கையோடு அதை ரத்து செய்தார். 2010-ல் ஒரு சட்டம் இவர்களைத் தற்காலிக அரசு ஊழியர்கள் என்று வரையறுத்தது. அந்தச் சட்டத்தை வாசிப்பது ஒரு விநோதமான அனுபவம். அரசு ஊழியனுக்கு நேர்மை, நாணயம், புறவயப் பார்வை, நடுநிலை என்று நான்கு குணங்களை அது விதிக்கிறது. சிறப்பு ஆலோசகனுக்கு மட்டும் கடைசி இரண்டிலிருந்து விலக்கு. திறந்த போட்டியில் தகுதி பார்த்து எடுக்கவேண்டும் என்பதிலிருந்தும் விலக்கு. அமைச்சர் தானே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம், பிரதமர் சம்மதிக்க வேண்டும். அமைச்சர் பதவி இழக்கிற நாளில் ஆலோசகனும் இழக்கிறான். உடன்கட்டை என்ற சொல் எனக்குள் எழுந்தது. மிகைதான். ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் அகப்படவில்லை.

1919 ஜனவரியில் ம்யூனிக் நகரில் மாணவர்கள் முன்னால் மாக்ஸ் வேபர் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் அவர் இரண்டு விதமான கௌரவங்களைப் பிரித்துக் காட்டுகிறார். அதிகாரியின் கௌரவம், தனக்கு உடன்பாடில்லாத உத்தரவையும், தன் ஆட்சேபத்தைச் சொன்னபிறகும் மேலிடம் வற்புறுத்தினால், தன் சொந்த நம்பிக்கையே அதுதான் என்பதுபோலச் செம்மையாக நிறைவேற்றுவது. அரசியல்வாதியின் கௌரவம் இதற்கு நேர்மாறு. தான் செய்ததற்குத் தானே பொறுப்பு, அதை யார் தலையிலும் கட்டமுடியாது, கட்டவும் கூடாது. முதலாமவன் தன்னை மறுத்துக்கொள்வதில் ஒழுக்கம் காண்கிறான், இரண்டாமவன் தன்னை முன்னிறுத்துவதில். இரண்டையும் குழப்பினால் கேடு என்பது வேபரின் கட்சி.

சிறப்பு ஆலோசகனை இந்தப் படத்தில் எங்கே வைப்பது? அரசியல்வாதியின் வேட்கையும் கட்சிப்பற்றும் அவனுக்கு உண்டு, அதற்காகவே எடுக்கப்பட்டவன். ஆனால் சபையில் எழுந்து நின்று பதில்சொல்லும் கடமை இல்லை. அதிகாரியின் நிழல் அவனுக்கு உண்டு, அவன் செய்கைக்கு அமைச்சரே பதில்சொல்ல வேண்டும் என்கிறது விதி. ஆனால் அதிகாரியின் துறவு அவனிடம் இல்லை. வேபரின் இரண்டு கௌரவங்களிலிருந்தும் சௌகரியமான பாதிகளை எடுத்துச் சேர்த்தால் கிடைக்கிற பிறவி இது. இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமை என்று எனக்கே தெரிகிறது. இந்த மனிதர்களில் பலர் கெட்டிக்காரர்கள், இரவு பகலாக உழைக்கிறவர்கள், பணத்துக்காக வந்தவர்களும் அல்ல. குறை ஆட்களில் இல்லை. அந்த இடத்துக்கென்று ஒரு கௌரவம் இன்னும் உருவாகவில்லை.

நம்மூர் அலுவலகங்களில், அதே வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கப்படி, குறிப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. கீழே இருக்கிறவர் எழுதுவார், மேலே இருப்பவர் மறுத்து எழுதுவார், அதற்கும் மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். இலக்கியவாதிகளுக்கு இது கேலிக்குரிய வஸ்து. நான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கருத்து மாறுபாட்டுக்கு ஓர் இடம், தேதி, கையெழுத்து என்று வைத்த ஒரு தார்மீக வடிவம் அது. பிரிட்டனில் நிரந்தரச் செயலாளர் ஒருவர், இந்தச் செலவு பொதுப்பணத்துக்கு நியாயம் செய்யாது என்று கருதினால், எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று அமைச்சரைக் கேட்கலாம். அமைச்சர் எழுதிக் கொடுத்தால் செய்துவிடுவார், அந்தக் காகிதம் பிற்பாடு வெளியிடப்படும். மனச்சாட்சிக்கு ஒரு படிவம். ஆலோசகனுக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. அவன் காரியம் நடப்பது நடைபாதையில், கார்ப் பயணத்தில், கைபேசியில். பிளேர் அரசாங்கம் ஈராக் யுத்தத்துக்குப் போன விதத்தை ஆராய்ந்த பட்லர் குழு 2004-ல் சம்பிரதாயமற்ற முடிவெடுப்பைப் பற்றிக் கவலை தெரிவித்தது. சோபா ஆட்சி என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன. சோபாவில் உட்கார்ந்து பேசியதில் யார் சம்மதித்தார், யார் மௌனமாக இருந்தார், யார் தேநீர் எடுக்கப் போயிருந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஹாப்ஸ் தன் லெவயதான் நூலில் ஆலோசனைக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஆணை, ஆணையிடுபவனின் நன்மைக்கு. ஆலோசனை, கேட்பவனின் நன்மைக்கு. எனவே ஆலோசனை தவறிப்போனால் சொன்னவனைத் தண்டிக்க முடியாது, கேட்டவன் தானே கேட்டான் என்பது அவர் தர்க்கம். கறாரான தர்க்கம். ஆனால் இதில் ஒரு காட்சி அனுமானிக்கப்பட்டிருக்கிறது. அரசன் கேட்கிறான், இவன் காரணங்களோடு சொல்கிறான், அரசன் தனியே போய் யோசித்து முடிவெடுக்கிறான். கேள்விக்கும் முடிவுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பொறுப்பு கைமாறுகிறது. இன்றைய ஆலோசகன் அந்த இடைவெளியை மூடுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறான். அமைச்சருக்கு யோசிக்க நேரமில்லை என்பதே அவன் நியமனத்தின் காரணம். பேச்சை அவன் எழுதுகிறான். பத்திரிகையாளருக்கு அவன் சொல்வது 'அமைச்சருக்கு நெருக்கமான வட்டாரங்கள்' என்று அச்சாகிறது. வட்டாரம் என்பது ஒரு நபர் என்று தமிழ்ப் பத்திரிகை வாசகனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2001 செப்டம்பர் 11 அன்று நடந்த ஒரு விஷயம் இதில் எனக்கு மறக்க முடியாததாக இருக்கிறது. போக்குவரத்து, உள்ளாட்சித் துறை அமைச்சர் ஸ்டீஃபன் பயர்ஸின் ஆலோசகர் ஜோ மூர், நியூயார்க் கோபுரங்களில் விமானங்கள் மோதிய சில நாழிகைக்குள், லண்டன் நேரப்படி அன்று பிற்பகலிலேயே, தன் துறையினருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாம் புதைத்துவிட விரும்பும் செய்தி ஏதாவது இருந்தால் வெளியிட இன்று மிக நல்ல நாள் என்பது அதன் சாரம். உதாரணத்துக்கு உள்ளாட்சி உறுப்பினர்களின் படிச் செலவு விவகாரத்தையும் குறிப்பிட்டிருந்தார். அக்டோபரில் அது வெளியே வந்தது. நாடே அருவருத்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், அமைச்சர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2002 பிப்ரவரியில் அதே துறைக்குள் எழுந்த இன்னொரு சச்சரவில்தான் அவர் ராஜினாமா செய்தார். மே மாதத்தில் அமைச்சரும் போனார்.

அந்தப் பெண்மணியின் கல்நெஞ்சத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த மின்னஞ்சலில் பொய் எதுவும் இல்லை. தொழில்ரீதியாகப் பார்த்தால் அது சரியான ஆலோசனை. அன்று வெளியான எந்தச் செய்தியும் புதைந்துதான் போயிருக்கும். கோபுரங்கள் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ அமைச்சர்களுக்கு, எத்தனையோ நாடுகளில், அந்த எண்ணம் ஒரு கணம் வந்து போயிருக்கலாம். வந்திருந்தால், கூடவே கூச்சமும் வந்திருக்கும். ஒரே மனதுக்குள் எழும்போது இந்த மாதிரி எண்ணத்துக்கு நாம் வைக்கும் பெயர் சபலம். சபலத்தின் எதிரே அதே மனதில் இன்னொன்று எழுந்து நிற்கிறது, இரண்டும் மல்லுக்கட்டுகின்றன, மனிதன் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறான். அந்த மல்லுக்கட்டைத்தான் நாம் அறவாழ்க்கை என்கிறோம். அதே எண்ணத்தை எடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, பக்கத்து அறையில் இன்னொரு உடம்பில் குடிவைத்துவிட்டால் அதன் பெயர் ஆலோசனை. அது கூச்சப்பட வேண்டியதில்லை, கூச்சம் அதன் வேலை அல்ல. அமைச்சரும் கூச்சப்பட வேண்டியதில்லை, எண்ணம் அவருடையது அல்ல. ஒரு மனிதனின் அந்தரங்கம் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, நடுவே கதவு சாத்தப்படுகிறது.

ஜோ மூர் செய்த குற்றம் அதைத் தட்டச்சு செய்தது. சொல்லாமல் விட்டிருந்தால், கண் காட்டியிருந்தால், அது நடந்தேறியிருக்கும்.

கண் காட்டுவது என்றதும் அமைச்சியலுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. அந்தப் பத்து அதிகாரங்களில் ஒன்று 'குறிப்பறிதல்'. அரசன் வாய் திறக்காமலே அவன் எண்ணத்தை முகத்தில் படித்துவிடும் திறமை பற்றியது. காமத்துப்பாலிலும் இதே தலைப்பில் ஓர் அதிகாரம் இருக்கிறது. நூலில் இரண்டு அதிகாரங்களுக்கு ஒரே பெயர். உரைகாரர்கள் இதைச் சமாளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. காதலனும் ஊழியனும் ஒரே வித்தையைப் பயில்கிறார்கள், சொல்லப்படாத விருப்பத்தைப் படிப்பது. காதலில் அது இருவரின் பரஸ்பரம். அதிகாரத்தில் அது ஒருவழிப் பாதை. அதனால் அதற்கு ஒரு விபரீத விளைவு உண்டு. உத்தரவு என்று ஒன்று எங்குமே இல்லாமல் காரியம் நடந்துவிடுகிறது. கேட்டால், அவர் சொல்லவில்லை என்பதும் உண்மை, இவன் தானாகச் செய்யவில்லை என்பதும் உண்மை.

2012 ஏப்ரலில் இது கிட்டத்தட்ட பரிசோதனைக்கூடத்தின் துல்லியத்தோடு வெளிப்பட்டது. ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன், பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனத்தில் தன்னிடம் இல்லாத மீதி 61 சதவீதப் பங்குகளையும் வாங்க முயன்றுகொண்டிருந்தது. அனுமதிப்பதா என்பதை, ஒரு நீதிபதியைப்போல நடுவில் நின்று தீர்மானிக்க வேண்டியவர் பண்பாட்டுத் துறை அமைச்சர் ஜெரமி ஹண்ட். அவர் நடுவில் நின்றார். அவருடைய ஆலோசகர், ஆடம் ஸ்மித் என்று பெயர் (பொருளாதார மாணவர்கள் சிரித்துக்கொள்ளலாம்), அந்த நிறுவனத்தின் ஆளோடு ஓயாமல் செய்திப் பரிமாற்றம் செய்துகொண்டிருந்தார். லெவசன் விசாரணையில் அந்த மின்னஞ்சல் கட்டு, நூற்றறுபது பக்கத்துக்கு மேல், வெளியிடப்பட்ட மறுநாள் ஸ்மித் ராஜினாமா செய்தார். தொடர்பின் அளவும் தன்மையும் அமைச்சரின் அனுமதியை மீறிப் போய்விட்டன என்றார். ஹண்ட் தொடர்ந்தார். அவர் பாரபட்சமாக நடந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று லெவசன் அறிக்கையும் அந்த வருஷ இறுதியில் சொல்லிவிட்டது. அதை நான் மறுக்க வரவில்லை. அறிக்கை சொன்னது சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அமைச்சர் குற்றமற்றவர். ஆலோசகர் தன் மனிதரின் குறிப்பறிந்து, அல்லது அறிந்ததாக நினைத்து, நடந்தவர். இதில் சுத்தமான கை ஒன்று மீந்திருக்கிறது என்றால், அது சுத்தமாக இருப்பதற்காக இன்னொரு கை எப்போதும் தயாராக வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் விஷயம். கறைபட்ட கைகளைப் பற்றி சார்த்தர் 1948-ல் நாடகம் எழுதினார், மைக்கேல் வால்ஸர் 1973-ல் கட்டுரை எழுதினார். இருவருடைய மனிதர்களும் தங்கள் கறையைத் தாங்களே சுமக்கிறவர்கள். கறையைத் தனியாகப் பிரித்து இன்னொருவனிடம் கொடுத்துவைக்கும் ஏற்பாடு அவர்கள் பார்வைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்காமல் போவது நியாயமில்லை. ரிச்சர்ட் கிராஸ்மன் 1964-ல் வீட்டுவசதி அமைச்சரானார். அவர் இறந்தபின் 1975 முதல் வெளியான நாட்குறிப்புகளை அரசாங்கம் நீதிமன்றம் போய்த் தடுக்கப் பார்த்தது, முடியவில்லை. எவெலின் ஷார்ப் என்ற நிரந்தரச் செயலாளர் அம்மையாரிடம் ஒரு அமைச்சர் படும் பாடு அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஆமாம் அமைச்சரே என்கிறார்கள், ஒன்றும் நகரமாட்டேன் என்கிறது. 1980-ல் தொலைக்காட்சியில் இதுவே சிரிப்பாக வந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டது கட்சிக்கு. ஆயிரக்கணக்கான நிரந்தரங்களின் நடுவே அந்த ஓட்டின் பிரதிநிதி ஒரே ஒருவர். அவருக்குத் துணையாக இரண்டு பேர் கூடாதா? கூடும். பிரையன் ஏபெல் ஸ்மித் போன்ற ஒருவரை நினைத்துக்கொண்டால் இந்த வாதத்துக்கு ஒரு முகமே கிடைத்துவிடுகிறது. லண்டன் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர், வறுமையைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். கிராஸ்மனுக்கும் பிறகு பார்பரா காஸிலுக்கும் ஆலோசகராக இருந்தார். அவருக்கு அமைச்சரகத்துக்கு வெளியே ஒரு வீடு இருந்தது, வகுப்பறை, புத்தகங்கள், சொந்தப் பெயர். அமைச்சர் விழுந்தால் அவர் விழமாட்டார். அதனால் அமைச்சரிடம் இல்லை என்று சொல்ல அவரால் முடிந்திருக்கும்.

ஆனால் சொந்தப் பெயருக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆலன் வால்ட்டர்ஸ் மார்கரெட் தாட்சரின் பொருளாதார ஆலோசகர். ஐரோப்பியச் செலாவணி ஏற்பாட்டில் பிரிட்டன் சேரவேண்டும் என்பது நிதியமைச்சர் நைஜல் லாசனின் கட்சி. அது அரைவேக்காடு என்பது வால்ட்டர்ஸின் கட்சி, அதை எழுதியும் வைத்திருந்தார். 1989 அக்டோபரில் அது பத்திரிகைக்கு வந்தது. ஆலோசகர்கள் ஆலோசனை சொல்வார்கள், அமைச்சர்கள் முடிவெடுப்பார்கள் என்று தாட்சர் சபையில் சொன்ன அதே நாள், 26-ந் தேதி, லாசன் ராஜினாமா செய்தார். மாலைக்குள் வால்ட்டர்ஸும். அடுத்த வருஷம் பிரிட்டன் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. 1992 செப்டம்பர் 16 அன்று பெருத்த நஷ்டத்தோடு வெளியே துரத்தப்பட்டது. வால்ட்டர்ஸ் சொன்னது பலித்தது என்று வைத்துக்கொண்டாலும், தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரின் குரல் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் குரலை வெட்டியது என்ற லாசனின் முறையீட்டுக்கு அது பதில் ஆகாது. பெயரோடு நின்றால் போட்டி அமைச்சர், பெயரில்லாமல் நின்றால் நிழல். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க இடம் இருக்கிறதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. (1992-ன் அந்த நாள் மாலை, நிதியமைச்சர் நார்மன் லாமன்ட் நிருபர்கள் முன்னால் பேசியபோது பின்னால் நின்றிருந்த இளம் ஆலோசகரின் பெயர் டேவிட் கேமரன். நிழல்கள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டதற்கு அந்தப் படம் ஒரு ஆதாரம்.)

எழுதுகிறவனுக்கு இது தூரத்துப் பிரச்னை அல்ல. பிறர் வாயில் பேசுவது நம் தொழில். ஒரு கொலைகாரனின் நியாயத்தை அவன் தரப்பிலிருந்து முழுசாக எழுதிக்கொடுக்க நம்மால் முடியும். ஆனால் அட்டையில் நம் பெயர் இருக்கிறது. பிறர் சொற்களை நம் பெயரில் வெளியிட்டு அதற்கான அடியை நாம் வாங்கிக்கொள்கிறோம். ஆலோசகன் தன் சொற்களைப் பிறர் பெயரில் வெளியிடுகிறான். இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் இவ்வளவு சுலபமாகப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். போனவர்கள் எழுதிய உரைகள் நன்றாகவே இருக்கின்றன. அவை யாருடையவை என்று கேட்கும்போதுதான் சங்கடம்.

ஆலோசகன் வெளிச்சத்துக்கு வந்து தன் பெயரில் பேசினால் என்ன ஆகும் என்பதையும் 2020 மே 25 அன்று பார்க்க நேர்ந்தது. போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், நாடு முழுக்க ஊரடங்கு இருந்தபோது லண்டனிலிருந்து டர்ஹம் போனது ஏன் என்று விளக்க, பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். அந்த வருஷம் பிப்ரவரியில்தான், உங்கள் ஆலோசகர்களை எல்லாம் விலக்குங்கள் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்து நிதியமைச்சர் சாஜித் ஜாவித் ராஜினாமா செய்திருந்தார். அந்த நிபந்தனைக்குப் பின்னால் இவர் கை இருந்ததாகவே எல்லோரும் எழுதினார்கள். அமைச்சரை நிழல் மாற்றும் காலம். தோட்டத்தில் அவர் நிதானமாகவே பேசினார், தான் நடந்தது நியாயமே என்றார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏதோ இடறியது. கேட்டவர்கள் நிருபர்கள். அவரை நீக்க அவர்களால் ஆகாது. நீக்கக்கூடிய சபை அவரைக் கேட்க முடியாது, அவர் அதன் உறுப்பினர் அல்ல. விளக்கம் இருந்தது, அதைத் தராசில் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. நவம்பரில் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு முன்வாசல் வழியாகவே வெளியேறினார்.

அருகில் போகவே கூடாது என்பது ஒரு பதில். தாமஸ் மோரின் யுடோபியா, 1516-ல் வெளிவந்தது, அதன் முதல் பகுதி முழுக்க இந்த விவாதம்தான். ஊர் சுற்றிவந்த ரஃபேல் என்ற ஞானியைப் பார்த்து, இவ்வளவு தெரிந்த நீ ஒரு அரசனிடம் ஆலோசகனாகப் போகக்கூடாதா என்கிறார்கள். போனால் ஒன்று என்னைக் கேலிசெய்வார்கள், அல்லது என்னைக் கெடுப்பார்கள் என்கிறான் அவன். நூலுக்குள் வரும் மோர் என்ற பாத்திரம் மறுக்கிறது: எல்லாவற்றையும் நல்லதாக்க முடியாவிட்டாலும் கெடுதலைக் கொஞ்சம் குறைக்கலாமே, காற்றை அடக்க முடியவில்லை என்று கப்பலைக் கைவிடுவதா? இரண்டு வாதங்களும் சம பலத்தோடு நிற்கின்றன, நூல் தீர்ப்புச் சொல்வதில்லை. எழுதிய மோர் ஓரிரு வருஷத்துக்குள் எட்டாம் ஹென்றியின் மந்திரிசபைக்குப் போய்விட்டார். ரஃபேலை எழுதியவர் ரஃபேலின் பேச்சைக் கேட்கவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தார். 1529-ல் சான்ஸலர் ஆனார், 1532-ல் பதவியை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அரசனின் விவாகரத்தைப் பற்றியும் திருச்சபைத் தலைமையைப் பற்றியும் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சத்தியப் பிரமாணம் கேட்டார்கள், செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. ஆலோசகனாக இருந்தவன் கடைசியில் கொடுத்த ஆலோசனை அந்த மௌனம்தான், ஹென்றி அதன் குறிப்பைச் சரியாகவே அறிந்தான். விசாரணையில் மோர் ஒரு வக்கீலின் குறும்போடு வாதாடினார். மௌனம் சம்மதம் என்பதல்லவா சட்டத்தின் பழமொழி, அப்படியானால் என் மௌனத்தை அரசனுக்குச் சம்மதமாகத்தானே நீங்கள் கொள்ளவேண்டும் என்று கேட்டார். அந்த மன்றத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. அவரும் நம்பியிருக்கமாட்டார். 1535 ஜூலை 6 அன்று டவர் குன்றில் தலையை வெட்டினார்கள்.